சாட்பாட்: அவரா, அதுவா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்கிற்கு நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு சொல். 'சாட்பாட்'. இந்தச் சொல்லைக் கேட்காதவர்கள் சிங்கப்பூரில் இன்று அநேகமாக இருக்க மாட்டார்கள். வங்கியின் இணையப் பக்கத்தைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சிறு கட்டம் எழும்பி, என்ன உதவி வேண்டும் என்று கேட்கிறது. விமானப் பயணத் தேதியை மாற்ற வேண்டுமா, தொலைபேசிக் கட்டணத்தில் சந்தேகமா, வாங்கிய பொருள் இன்னும் வந்து சேரவில்லையா, முதலில் நம்மிடம் பேச்சுக் கொடுப்பது அதுதான். பிள்ளைகள் வீட்டுப்பாடத்துக்கு அதைக் கேட்கிறார்கள். அலுவலகத்தில் கடிதம் எழுத அதைக் கேட்கிறார்கள். தூக்கம் வராத இரவில் மனக்குறையைச் சொல்லவும் சிலர் அதைத்தான் நாடுகிறார்கள்.

இவ்வளவு தூரம் புழங்கும் சொல்லுக்கு என்ன பொருள்? அது எங்கிருந்து வந்தது? யார் வைத்த பெயர்? இவற்றைப் பார்க்கப் போகிறோம். அதோடு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. 'சாட்பாட்டிடம் கேட்டேன், அவர் இப்படிச் சொன்னார்' என்று சிலர் பேசுகிறார்கள். 'அது இப்படிச் சொன்னது' என்று வேறு சிலர் பேசுகிறார்கள். அவரா, அதுவா? கேட்பதற்கு வேடிக்கையாக இருக்கும். ஆனால் ஏறத்தாழ இதே கேள்வி ஒரு தீர்ப்பாயத்தின் முன்வரை போயிருக்கிறது. அங்கே போவதற்கு முன், சொல்லின் பிறப்பைப் பார்த்துவிடுவோம்.

ஒட்டிப் பிறந்த இரு சொற்கள்

'சாட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அரட்டை, சாதாரணப் பேச்சு என்று பொருள். அது 'சாட்டர்' என்ற பழைய சொல்லின் சுருக்கம். சாட்டர் என்பது பறவைகள் விடாமல் எழுப்பும் சத்தத்தைக் குறித்த ஒலிக்குறிப்புச் சொல். நாம் 'கீச்சுக்கீச்சு' என்கிறோமே, அதுபோல. பிறகு ஓயாமல் பேசும் மனிதர்களுக்கும் அது பொருந்தி வந்தது.

'பாட்' என்பது 'ரோபோட்' என்ற சொல்லின் வால்பகுதி. ரோபோட் ஆங்கிலத்தில் பிறந்த சொல் அன்று. செக் நாட்டு எழுத்தாளர் காரெல் சாபெக் 1920ஆம் ஆண்டு 'ஆர்.யு.ஆர்.' என்ற நாடகத்தை எழுதினார். மனிதரைப் போன்ற செயற்கை வேலையாட்களைத் தொழிற்சாலையில் உற்பத்தி செய்து விற்பதைப் பற்றிய நாடகம் அது. அந்த வேலையாட்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஓவியரான அவருடைய அண்ணன் யோசெப் சாபெக் எடுத்துக் கொடுத்த பெயர்தான் ரோபோட். செக் மொழியில் 'ரோபொட்டா' என்றால் கட்டாய உழைப்பு. நிலக்கிழாரின் வயலில் குடியானவர்கள் கூலியில்லாமல் உழைத்துத் தீர வேண்டியிருந்த பழைய முறைக்கு அந்தப் பெயர்.

நம்மிடமும் இதற்கு நிகரான சொல் உண்டு. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'வெட்டி' என்று வருகிறது. ஊதியமில்லாமல் செய்தாக வேண்டிய வேலை அது. இன்று நாம் 'வெட்டிப்பேச்சு' என்று வேறு பொருளில் சொல்கிறோம். அரட்டையையும் கூலியில்லா வேலையாளையும் சேர்த்தால் கிடைப்பது சாட்பாட் என்றால், வெட்டிப்பேச்சு என்ற தமிழ்ச் சொல் அதற்கு அச்சாகப் பொருந்திவிடுகிறது, இல்லையா?

வேடிக்கை இருக்கட்டும். இந்தப் பிறப்பில் ஒரு செய்தி இருக்கிறது. பாட் என்பது தானாக எதையும் செய்வதில்லை. அது ஏவிய வேலையைச் செய்யும் ஆள். ஏவியவர் ஒருவர் எப்போதும் பின்னால் இருக்கிறார். இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

டூரிங் மாற்றிய கேள்வி

பெயர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே பொருள் பிறந்துவிட்டது. 1950இல் இங்கிலாந்தின் கணித மேதை அலன் டூரிங், 'மைண்ட்' என்ற தத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார். இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா என்ற கேள்வியோடு அது தொடங்குகிறது. சிந்தனை என்றால் என்ன என்று விவாதிக்கப் புகுந்தால் முடிவே இராது. ஆகவே அவர் கேள்வியையே மாற்றினார். மறைவில் ஒரு மனிதர், ஓர் இயந்திரம். வெளியே இருப்பவர் எழுத்து மூலம் இரு பக்கமும் கேள்வி கேட்கிறார். பதில்களை மட்டும் வைத்து எது மனிதர், எது இயந்திரம் என்று அவரால் சொல்ல முடியாவிட்டால்?

ஏறத்தாழ 50 ஆண்டுகளில், ஐந்து நிமிடம் கேள்வி கேட்கும் சராசரி மனிதர் சரியாகக் கண்டுபிடிக்கும் வாய்ப்பு 70 விழுக்காட்டுக்கு மேல் இராத அளவுக்குக் கணினிகள் தேறிவிடும் என்றும் டூரிங் எதிர்பார்த்தார். இந்தச் சோதனையில் இயந்திரத்துக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. வெளியே இருப்பவர் என்ன நம்புகிறார் என்பதுதான் கணக்கு.

எலைசா என்ற பெயர்

அந்த நம்பிக்கை எவ்வளவு எளிதில் வந்துவிடும் என்று உலகுக்குக் காட்டியவர் ஜோசஃப் வைசன்பாம். 1923இல் பெர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஜி ஆட்சியிலிருந்து தப்பி 1936இல் குடும்பத்தோடு அமெரிக்கா சென்றார். பிற்காலத்தில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1964 முதல் 1966 வரை அவர் எழுதிய கணினி நிரலுக்கு 'எலைசா' என்று பெயர். பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் வரும் பூக்காரப் பெண் எலைசா டூலிட்டிலின் பெயர் அது. அந்த நாடகம்தான் 'மை ஃபேர் லேடி' என்ற திரைப்படமாகவும் வந்தது. தெருவில் பூ விற்ற பெண்ணுக்குச் சீமாட்டிபோல் பேசக் கற்றுத் தருகிறார் ஒரு பேராசிரியர். கணினிக்கும் பேச்சு மட்டும் கற்றுத் தரப்படுகிறது என்பதால் இந்தப் பெயர் பொருந்தியது.

எலைசா எப்படி வேலை செய்தது? நாம் தட்டச்சு செய்யும் வாக்கியத்தில் அது சில குறிச்சொற்களைத் தேடும். 'அம்மா' என்ற சொல் கிடைத்தால், உங்கள் குடும்பத்தைப் பற்றி இன்னும் சொல்லுங்கள் என்று கேட்கும். 'என்' என்பதை 'உங்கள்' என்று மாற்றி, நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பி அனுப்பும். எந்தக் குறிச்சொல்லும் அகப்படவில்லையென்றால், மேலே சொல்லுங்கள் என்று பொதுவாக ஒன்றைச் சொல்லிவைக்கும். அவ்வளவுதான்.

அதன் புகழ்பெற்ற வடிவத்துக்கு 'டாக்டர்' என்று பெயர். மனநல மருத்துவரைப் போல அது பேசியது. ஏன் மருத்துவர் வேடம்? வைசன்பாம் அதற்கு விளக்கம் தந்திருக்கிறார். நான் படகில் நெடுந்தூரம் போய்வந்தேன் என்று நோயாளி சொன்னால், படகைப் பற்றிச் சொல்லுங்கள் என்று மருத்துவர் கேட்கலாம். மருத்துவருக்குப் படகு என்றால் என்னவென்றே தெரியாது என்று யாரும் நினைக்க மாட்டார்கள். ஏதோ காரணத்தோடுதான் கேட்கிறார் என்று நினைப்பார்கள். ஒன்றும் தெரியாமலே பேச்சை ஓட்டிக்கொண்டு போக, அதைவிட வசதியான வேடம் கிடையாது.

'வெளியே போய் இருங்கள்'

இதன் பிறகு நடந்ததுதான் வைசன்பாமைத் திடுக்கிட வைத்தது. அவருடைய செயலாளர், அவர் அந்த நிரலை எழுதுவதை மாதக்கணக்கில் பக்கத்திலிருந்து பார்த்தவர். அது வெறும் நிரல் என்று நன்றாகத் தெரிந்தவர். அவரே எலைசாவிடம் சில வார்த்தைகள் பேசியதும் பேராசிரியரைப் பார்த்து, கொஞ்சம் அறைக்கு வெளியே போய் இருங்கள் என்று கேட்டுக்கொண்டார். சொந்த விஷயம் பேச வேண்டியிருந்தது!

மருத்துவ உலகிலும் சிலர் ஆர்வத்தோடு எழுந்தார்கள். இப்படிப்பட்ட கணினியைக் கொண்டு ஒரு மணி நேரத்தில் பல நூறு நோயாளிகளைக் கவனிக்கலாம் என்று கென்னத் கோல்பி என்ற மனநல மருத்துவரும் அவருடைய சகாக்களும் 1966இலேயே எழுதினார்கள். வைசன்பாமுக்கு இது பொறுக்கவில்லை. 1976இல் கணினியின் ஆற்றலையும் மனித அறிவையும் பற்றி ஒரு நூல் எழுதினார். மிக எளிய ஒரு நிரலோடு சற்று நேரம் பழகுவதே, சாதாரண மனிதர்களுக்குள் இத்தனை பெரிய மயக்கத்தை உண்டாக்கும் என்று தாம் அறிந்திருக்கவில்லை என்று அதில் குறிப்பிட்டார். கணினியால் செய்ய முடிகிறதா என்பது ஒரு கேள்வி. அதைச் செய்ய விடலாமா என்பது வேறு கேள்வி என்பது அவருடைய வாதம். 2008இல் மறையும்வரை அவர் இதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

அதே கோல்பி 1972இல், எல்லோர்மீதும் சந்தேகப்படும் மனநோயாளியைப் போலப் பேசும் 'பாரி' என்ற நிரலை உருவாக்கினார். அந்த ஆண்டிலேயே, இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாக நோயாளி பாரியையும் மருத்துவர் எலைசாவையும் இணைத்துப் பேச விட்டார்கள். இரண்டும் மாறி மாறிப் பேசின. கேள்வி வந்தது, பதில் வந்தது, கோபம்கூட வந்தது. ஆனால் அங்கே கேட்பவரும் இல்லை, சொல்பவரும் இல்லை.

தேக்காவில் கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்கு இது புரியும். கிளி சீட்டை எடுக்கிறது. ஜோசியர் படிக்கிறார். 'அட, நம் வீட்டு விஷயம்தான்' என்று பொருள் கொள்வது கேட்பவரின் மனம். 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணக் காற்பந்துப் போட்டியின்போது தேக்காவின் 'மணி' என்ற கிளி காலிறுதி ஆட்டங்களைச் சரியாகக் கணித்ததாக உலகமெங்கும் செய்தியானது. இறுதியாட்டத்துக்கு அது நெதர்லாந்துச் சீட்டை எடுத்தது. வென்றது ஸ்பெயின். அதற்காகக் கிளியை யாரும் கோபிக்கவில்லை. கிளிக்குக் காற்பந்து தெரியாது என்று எல்லோருக்கும் தெரியும்.

பெயர் வந்தது 1994இல்

எலைசாவைப் படைத்தபோது அதற்குச் சாட்பாட் என்ற பொதுப்பெயர் கிடையாது. அந்தப் பெயரின் மூல வடிவமான 'சாட்டர்பாட்' என்பதை உருவாக்கியவர் மைக்கேல் மோல்டின். பின்னாளில் 'லைக்கோஸ்' என்ற தேடுபொறியைத் தொடங்கியவரும் இவரே. பலர் ஒரே நேரத்தில் எழுத்து மூலம் உலவி விளையாடும் கற்பனை உலகங்கள் அப்போது கணினி வலையமைப்புகளில் இருந்தன. அங்கே 'ஜூலியா' என்ற நிரலை அவர் உலவவிட்டார். அது மற்ற ஆட்டக்காரர்களோடு பேசும், வழி சொல்லும். ஜூலியாவை உண்மையான பெண் என்று நினைத்துப் பல நாள் பேசி வந்தவரும் உண்டு. இந்த அனுபவங்களைப் பற்றி மோல்டின் 1994இல் எழுதிய கட்டுரையில்தான் சாட்டர்பாட் என்ற சொல் வந்தது. பிறகு நடு எழுத்துகள் தேய்ந்து சாட்பாட் ஆயிற்று.

அதன் பிறகு வரிசையாகப் பலர் வந்தார்கள். மன்னிக்கவும், பல வந்தன! 1995இல் ரிச்சர்ட் வாலஸ் 'ஆலிஸ்' என்ற சாட்பாட்டை உருவாக்கினார். 2001இல் 'ஸ்மார்ட்டர்சைல்ட்' என்பது உடனடிச் செய்திச் சேவையில் இளையர்களோடு அரட்டை அடித்தது. 2011இல் ஆப்பிள் கைத்தொலைபேசியில் 'சிரி' குரல் கொடுத்தது. 2014இல் அமேசானின் 'அலெக்சா' வரவேற்பறைக்கு வந்தது. பெயர்களைக் கவனித்தீர்களா? எலைசா, ஜூலியா, ஆலிஸ், அலெக்சா. பெரும்பாலும் பெண்களின் பெயர்கள். இயந்திரத்துக்கு எண் வைத்தால் நாம் ஒதுங்கி நிற்போம். பெண் பெயர் வைத்தால் பேச்சுக் கொடுப்போம். விற்பவர்களுக்கு இது தெரியும்.

ஜேமி சொன்ன பதில்

நம் நாட்டிலும் இதற்கு வரலாறு உண்டு. அரசாங்க இணையப் பக்கங்களில் பொதுமக்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல 2014இல் 'ஆஸ்க் ஜேமி' என்ற மெய்நிகர் உதவியாளர் அறிமுகமானது. பல அமைப்புகளின் பக்கங்களில் அது இடம்பெற்றது. அலுவலக நேரம் முடிந்த பிறகும் விவரம் கிடைத்தது.

2021ஆம் ஆண்டு அக்டோபர் மாதம். கொவிட்-19 கிருமித்தொற்று உச்சத்தில் இருந்த நேரம். வீட்டில் ஒருவருக்கு 'பாசிட்டிவ்' என்று வந்தால் என்ன செய்வது என்று குடும்பங்கள் தவித்துக்கொண்டிருந்தன. சுகாதார அமைச்சின் பக்கத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டவர்களுக்கு, பாதுகாப்பான பாலுறவு பற்றிய அறிவுரையைத் தந்தது சாட்பாட். சமூக ஊடகங்களில் படம்படமாக அது பரவியது. நாடே சிரித்தது. அமைச்சு அந்தச் சேவையைத் தன் பக்கத்திலிருந்து நிறுத்திவைத்தது.

சிரித்தது சரி. அதில் உள்ள பாடம் என்ன? தாயின் பதற்றம் வாக்கியத்தில் இருந்தது. இயந்திரம் பிடித்துக்கொண்டது சொற்களை மட்டும். 'பாசிட்டிவ்' என்ற சொல் எத்தனையோ நோய்களுக்கு வரும். 1966இல் எலைசா குறிச்சொல்லைத் தேடியதற்கும் இதற்கும் அடிப்படையில் பெரிய தூரம் இல்லை.

இன்று பேசுவது வேறு ரகம்

இப்போது நாம் பேசும் சாட்பாட்டுகள் இந்தப் பழைய ரகம் அல்ல. 2017இல் கூகல் ஆய்வாளர்கள் எட்டுப் பேர், ஆஷிஷ் வாஸ்வானி என்பவரை முதல் பெயராகக் கொண்டு, 'டிரான்ஸ்ஃபார்மர்' என்ற புதிய அமைப்பை ஒரு கட்டுரையில் வெளியிட்டார்கள். அதன் அடிப்படையில் உருவானவைதான் இன்றைய பெரிய மொழி மாதிரிகள். 2022ஆம் ஆண்டு நவம்பர் 30ஆம் தேதி ஓப்பன்ஏஐ நிறுவனம் 'சாட்ஜிபிடி'யை வெளியிட்டபோது சாட்பாட் என்ற சொல் உலகின் எல்லா வீடுகளுக்குள்ளும் புகுந்தது.

இது எப்படி வேலை செய்கிறது? 'யானைக்கும் அடி' என்று நான் நிறுத்தினால், நீங்கள் எல்லோரும் 'சறுக்கும்' என்பீர்கள். ஏன்? பலமுறை கேட்ட தொடர். அடுத்து என்ன வரும் என்று மனம் தானே எடுத்துக் கொடுக்கிறது. அளவிட முடியாத எழுத்துகளைப் படிக்கவைத்து, அடுத்து என்ன சொல்துண்டு வரும் என்று கணிக்க இந்த மாதிரிகளைப் பழக்குகிறார்கள். பிறகு மனிதர்களின் மதிப்பீட்டைக் கொண்டு பதில்களைப் பண்படுத்துகிறார்கள். இதன் திறமை அசாத்தியமானது. மொழிபெயர்க்கும், கணக்குப் போடும், கடிதம் எழுதும், மருந்துச் சீட்டில் உள்ளதை எளிய சொற்களில் விளக்கும். பழைய சாட்பாட்டோடு இதை ஒப்பிடவே முடியாது.

ஆனால் சரியான வாக்கியமும் உண்மையான வாக்கியமும் ஒன்றாகிவிடாது. நியூயார்க்கில் 2023ஆம் ஆண்டு ஒரு வழக்கில், வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில் நடக்கவே நடக்காத வழக்குகள் முன்னுதாரணமாகக் காட்டப்பட்டிருந்தன. எல்லாம் சாட்ஜிபிடி எழுதிக் கொடுத்தவை. நீதிபதி 5,000 அமெரிக்க டாலர் அபராதம் விதித்தார். அபராதம் வழக்கறிஞர்களுக்கு, சாட்பாட்டுக்கு அன்று.

தமிழில் கேட்பவர்களுக்கு இன்னொரு செய்தி. எலைசாவின் வித்தை ஆங்கிலத்துக்கு எளிது. 'நான்' என்பதை 'நீ' என்று மாற்றினால் பாதி வேலை முடிந்தது. தமிழில் 'நான் வருந்துகிறேன்' என்பதைத் திருப்பினால் 'நீங்கள் வருந்துகிறீர்கள்' என்று வினைமுற்றும் மாற வேண்டும். 'நீ'யா, 'நீங்கள்'ளா என்று மரியாதையும் பார்க்க வேண்டும். புதிய மாதிரிகள் இதையெல்லாம் படித்தே கற்றுக்கொள்கின்றன. ஆனால் அவை படிக்க ஆங்கிலத்தில் இருக்கும் அளவுக்குத் தமிழில் எழுத்து இல்லை. அதனால்தான் 2023 டிசம்பரில் சிங்கப்பூரில் தொடங்கிய 'சீலயன்' என்ற தென்கிழக்காசிய மொழி மாதிரித் திட்டத்தில் தமிழும் சேர்க்கப்பட்டது நமக்கு முக்கியமானது. ஆங்கிலத்தில் கேட்டால் சரியாக வரும் பதில் தமிழில் கேட்டால் தடுமாறலாம் என்பதைப் பெற்றோர்கள் நினைவில் வையுங்கள்.

தமிழ் இலக்கணம் வைக்கும் சோதனை

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு வருவோம். அவரா, அதுவா?

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரம் எதில் தொடங்குகிறது என்று நினைத்துப் பாருங்கள். மக்களைக் குறிப்பது உயர்திணை, மற்றவை அஃறிணை என்ற பாகுபாட்டில்தான் தொடங்குகிறது. சொல்லைப் பற்றிப் பேச வந்தவர் முதலில் வைத்த படி இது. இதனால் என்ன விளைந்தது? தமிழில் ஒரு வாக்கியத்தை முடிக்க வேண்டுமானால் நீங்கள் முடிவெடுத்தே ஆக வேண்டும். சொன்னாரா, சொன்னதா? ஆங்கிலத்தில் வினைச்சொல் இரண்டுக்கும் ஒன்றே. தமிழ் நம்மை நழுவ விடாது.

மீறல் கூடாதா? கூடும். அதற்கும் இலக்கணம் இடம் தருகிறது. மகிழ்ச்சி, உயர்வு, சிறப்பு, சினம், இழிவு ஆகிய காரணங்களால் திணை மாறிச் சொல்வதை நன்னூல் ஏற்றுக்கொள்கிறது. வீட்டுப் பசு வருவதைப் பார்த்து 'அம்மா வந்துவிட்டாள்' என்று அன்போடு சொல்வது பழைய உதாரணம். சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா'வில் வரும் ஜீனோ என்ற இயந்திர நாயிடம் வாசகர்கள் வைத்த பாசமும், 2010இல் வந்த 'எந்திரன்' படத்தின் சிட்டியைப் பிள்ளைகள் 'அவன்' என்று சொல்வதும் இந்த ரகம். தவறில்லை. பசுவை அம்மா என்பவருக்கு அது பசு என்று தெரியும். ஆபத்து எங்கே வருகிறது? பசு என்பதையே மறந்துவிடும்போது. அல்லது, மறக்க வைப்பதால் யாருக்கோ லாபம் இருக்கும்போது.

சொற்களும் இதற்குத் துணை போகின்றன. சாட்பாட் இல்லாததைச் சொன்னால் அதை ஆங்கிலத்தில் 'ஹலூசினேட்' என்கிறார்கள். கேம்பிரிட்ஜ் அகராதி 2023ஆம் ஆண்டின் சொல்லாக அதைத் தேர்ந்தெடுத்தது. இல்லாதது கண்ணுக்குத் தோன்றும் மருட்சி என்று பொருள். மருட்சி வர மனம் வேண்டுமே! விற்ற பொருளில் பிழை என்று சொல்ல வேண்டிய இடத்தில் பாவம், அதற்கு ஏதோ மருட்சி என்று நாம் இரக்கப்படுகிறோம்.

தீர்ப்பாயத்தில் திணைக் கேள்வி

இனி அந்த வழக்கு. கனடாவில் ஒருவர் 2022 நவம்பரில் தம் பாட்டியை இழந்தார். துக்கத்துக்குப் பயணம் செய்பவர்களுக்குக் கட்டணச் சலுகை உண்டா என்று ஏர் கனடா நிறுவனத்தின் சாட்பாட்டிடம் கேட்டார். இப்போது வழக்கமான கட்டணத்தில் பயணம் செய்துவிட்டு 90 நாட்களுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என்று அது சொன்னது. நம்பிப் பயணம் செய்தார். பிறகு விண்ணப்பித்தபோது, பயணம் முடிந்தபின் சலுகை கிடையாது என்பதுதான் விதி என்று நிறுவனம் மறுத்துவிட்டது.

விவகாரம் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலத்தின் தீர்ப்பாயத்துக்குப் போனது. அங்கே நிறுவனம் முன்வைத்த வாதத்தைக் கேளுங்கள். சாட்பாட் தனியானதொரு சட்டபூர்வ அமைப்பு. தன் செயல்களுக்கு அதுவே பொறுப்பு! அதாவது, கூலியில்லாமல் வேலை வாங்கும்போது 'அது'. தவறு நேர்ந்ததும் 'அவர்'.

2024 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. சாட்பாட் நிறுவனத்தின் இணையத்தளத்தின் ஒரு பகுதிதான். தன் தளத்தில் உள்ள எல்லாத் தகவலுக்கும் நிறுவனமே பொறுப்பு என்று தீர்ப்பாயம் சொல்லிவிட்டது. ஏறத்தாழ 812 கனடிய டாலர் கொடுக்க உத்தரவானது. தொகை சிறியது. ஆனால் ஏவியவர் பின்னால் நிற்கிறார் என்று தொடக்கத்தில் சொன்னேனே, அதை ஒரு தீர்ப்பாயம் எழுத்தில் சொல்லியிருக்கிறது.

இதைவிடக் கனமான வழக்குகளும் வந்திருக்கின்றன. சாட்பாட்டோடு நெருங்கிப் பழகிய பதின்ம வயது மகனை இழந்த ஒரு தாய், 2024இல் அமெரிக்காவில் அதை நடத்திய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். அன்று செயலாளர் அறைக்கதவைச் சாத்தச் சொன்னபோது வைசன்பாம் பயந்தது இதற்குத்தான். கதவுக்கு உள்ளே இன்னொருவர் இருப்பதாக நினைத்துவிட்டால், வெளியே இருக்கும் அம்மாவையும் நண்பரையும் ஆசிரியரையும் கூப்பிடத் தோன்றாது.

கருத்தரங்கில் எழுந்த கேள்விகள்

கேள்வி: அப்படியானால் சாட்பாட்டைப் பயன்படுத்தவே கூடாது என்கிறீர்களா?

பதில்: நான் அப்படிச் சொல்லவில்லை, அம்மா. தாராளமாகப் பயன்படுத்துங்கள். சில பழக்கங்களை வைத்துக்கொள்ளுங்கள். முதலில், பேசுவது மனிதரா சாட்பாட்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பணம், மருந்து, சட்டம், குடியுரிமை தொடர்பான பதிலை அதோடு விட்டுவிடாமல் நிறுவனத்தின் அறிவிப்பிலோ அதிகாரியிடமோ சரிபாருங்கள். முக்கியமான பதில் வந்தால் திரையைப் படம் பிடித்து வையுங்கள். கனடாக்காரருக்கு அதுதான் கைகொடுத்தது. அடையாள அட்டை எண், வங்கி மறைச்சொல் எதையும் அரட்டையில் எழுதாதீர்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால், 'எனக்கு மனிதரோடு பேச வேண்டும்' என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு என்று சொல்லிக்கொடுங்கள். பிள்ளைகள் மனக்கவலையை அதனிடம் சொல்வது தெரிந்தால் கண்டிக்காதீர்கள். அவர்கள் சொல்வதை நீங்கள் உட்கார்ந்து கேளுங்கள்.

கேள்வி: ஐயா, சாட்பாட் என்பதற்கு நல்ல தமிழ்ச் சொல் எது?

பதில்: 'அரட்டை இயலி' என்று சிலர் சொல்கிறார்கள். 'உரையாடி' என்றும் கேட்கிறோம். பாட் என்பதற்குத் 'தானியங்கி' என்ற சொல்லும் இருக்கிறது. எனக்கு ஒவ்வொன்றிலும் ஒரு தயக்கம். உரையாட இரண்டு பேர் வேண்டும். தானியங்கி என்றால் தானாகவே இயங்குவதாகத் தோன்றும், இயக்குபவர் மறைந்துவிடுவார். அரட்டை இயலி பரவாயில்லை, கொஞ்சம் கேலியும் இருக்கிறது. எதை வைத்தாலும் அஃறிணைச் சொல்லாக வைத்துக்கொள்ளுங்கள். சாட்பாட் என்றே சொன்னாலும் குற்றமில்லை. 'சாட்பாட் சொன்னது' என்று வாக்கியத்தை முடியுங்கள். அப்போதுதான் 'அதைச் சொல்ல வைத்தவர் யார்?' என்ற அடுத்த கேள்வி வாயில் வரும்.